எல்லை ஊரில் ராஜாவின் கணக்கு: முள்ளிநாட்டுக் கல்வெட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம், மன்னார்கோயில், சேரன்மகாதேவி பக்கத்துக் கோயில்களுக்குக் கல்வெட்டு பார்க்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது என் பல வருஷப் பழக்கம். வருகிறவர்கள் போர்க்கதை கேட்கத்தான் வருவார்கள். சுவரடியில் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தால் நெல், காசு, நிலம், வரி, வட்டி என்றுதான் வரும். அப்புறம் ஒரே மாதிரி சந்தேகங்கள் கிளம்பும். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, நம்ம சேர்மாதேவி எப்படி எல்லை ஊர் ஆகும்? எல்லைன்னா செங்கோட்டை, ஆரல்வாய்மொழி தானே?

கணவாய் இருக்கும் இடம் என்று பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. மலைநாட்டுக்கு, அதாவது கேரளத்துக்குப் போக வடக்கே செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு, தெற்கே ஆரல்வாய்மொழி. ஆனால் கணவாயைத் தாண்டி வரும் படைக்கு நெல் வேண்டும். பொதிகை அடிவாரத்திலிருந்து தாமிரபரணி இரண்டு கரையிலும் நெல் விளைகிற பூமி இதுதான். அதனால் பாண்டியர், ஆய் மன்னர், சேரர், சோழர், பின்னால் தென்கேரளத்து வேணாட்டார் என்று எல்லோருடைய கண்ணும் இதன்மேல் இருந்தது.

கல்வெட்டில் இந்தப் பகுதிக்கு முள்ளிநாடு என்று பெயர். அம்பாசமுத்திரத்தின் பழைய பெயர் இளங்கோய்க்குடி. சேரன்மகாதேவிக்குச் சோழர் வைத்த பெயர் நிகரிலிசோழச் சதுர்வேதிமங்கலம். திருநெல்வேலி ஊர் கீழ்வேம்ப நாட்டில் இருந்தது. கீழே இந்தப் பெயர்கள் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜா மதுரையில. இங்கே நிர்வாகம் பண்ணினது யாரு?

அன்றாடக் காரியங்களை ஊர்தான் பார்த்தது. பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரில் சபை, வேளாளர் ஊரில் ஊர் என்கிற கூட்டம், வணிகர் இருந்த இடத்தில் நகரம், இவற்றுக்கு மேலே பல ஊர்கள் சேர்ந்த நாட்டுக்கு நாட்டார். ராஜாவின் ஆட்கள் மேற்பார்வைக்கு இருந்தார்கள். வரிக் கணக்குக்கென்றே புரவுவரித் திணைக்களம் இருந்தது. ஆனால் இந்த வயலுக்கு எவ்வளவு, யார் பாக்கி, எந்தக் குளம் உடைந்தது என்பதெல்லாம் ஊர்க்காரர்கள் கையில்தான்.

சபை எப்படி நடந்தது என்று தெரிய திருநெல்வேலிக்குப் பக்கத்து மானூருக்குப் போக வேண்டும். அன்று அது களக்குடி நாட்டு மானநிலைநல்லூர். சுமார் கி.பி. 800-ஐச் சேர்ந்த, பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. யார் சபையில் உட்காரலாம், எவ்வளவு நிலப் பங்கு, என்ன படிப்பு வேண்டும் என்று சபையே கூடி எழுதிவைத்த விதிகள் அவை. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று: எந்தக் காரியம் எடுத்தாலும் ‘அன்று அன்று’ என்று மறுத்துக் குறுக்கே நிற்பவருக்கு 5 காசு தண்டம். சபை விதி என்றாலே எல்லோரும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைச் சொல்கிறார்கள். அவை கி.பி. 919, 921. நம் மானூர் அவற்றுக்கு நூறு வருஷத்துக்கு மேல் மூத்தது. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தச் சபையில் இருந்தவர்கள் நிலம் வைத்திருந்த ஆண்கள் மட்டும். உழுதவரும் நெய்தவரும் வரி கொடுத்தார்கள், பேச அவர்களுக்கு அங்கே இடம் இல்லை.

‘290 காசு கல்வெட்டு’ன்னு எப்பவும் சொல்றீங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

ராஜாவின் பணம் எப்படி வேலை செய்தது என்பது முழுதும் அந்த ஒரு கல்லில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு, பாண்டிய மன்னன் வரகுண மகாராஜன். அம்பாசமுத்திரத்தில் நாம் எரிச்சாவுடையார் கோயில் என்று சொல்லும் கோயிலில் கிடைத்தது. அன்று சாமி பெயர் திருப்போத்துடையார். ராஜா அந்தச் சமயம் இங்கே இல்லை, மதுரையிலும் இல்லை. தொண்டை நாட்டில் பெண்ணையாற்றங்கரை அரைசூரில் தங்கியிருந்தார். அங்கிருந்தபடியே இளங்கோய்க்குடி சபையார் கையில் 290 காசு கொடுக்க ஏற்பாடு செய்கிறார். நிபந்தனை, முதல் கெடக்கூடாது. காசுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் பொலியாக, அதாவது வட்டியாக, அளக்க வேண்டும். ஆக 580 கலம். அதைக்கொண்டு நாலு வேளைப் படையல். காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி வரை பட்டியல் இருக்கிறது.

580 கலத்தைக் குறுணியாக்கினால் 6,960. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 19 குறுணி நெல். ஒரு கோயில் மடைப்பள்ளி வருஷம் முழுக்க ஓட அது போதும். ராஜா ஒரு தடவைதான் பணம் போட்டார். மறுவருஷம் கஜானாவைத் திறக்க வேண்டியதில்லை, இங்கே ஆள் அனுப்பவும் வேண்டியதில்லை. காசு சபையிடம் புழங்குகிறது, நெல் கோயிலுக்கு வருகிறது. வட்டியை ஏன் காசாக வாங்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். நான் புரிந்துகொண்டது இது: நெல் விலை ஏறினாலும் இறங்கினாலும் சாமிக்கு அளக்கும் கலம் குறையாது. விலை பற்றிய கவலை சபையோடு நின்றுவிடும்.

இது தனி ஒரு ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். திருச்செந்தூரில் வரகுணன் பெயரில் இன்னொரு கல்வெட்டு உண்டு. அங்கே 1,400 காசு, அதே வட்டி, ஆண்டுக்கு 2,800 கலம். அவ்வளவையும் ஒரே ஊரில் வைக்காமல் கொற்கை, மாறமங்கலம், வரகுணமங்கலம் போன்ற பல ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு ஊரில் வெள்ளாமை போனாலும் மற்ற ஊர் அளக்கும். இந்த ஏற்பாட்டைக் கவனிக்க இருப்பைக்குடி கிழவன், சாத்தம்பெருமான், அளற்றுநாட்டுக்கோன் என்று மூன்று அதிகாரிகள்.

ஒரு காசு இப்போ எத்தனை ரூபாய்? ஒரு கலம் எத்தனை கிலோ?

ரூபாயாக மாற்றிச் சொல்ல மாட்டேன், அது ஏமாற்று வேலை ஆகிவிடும். நெல்லாக மாற்றிப் பாருங்கள், அதுதான் அவர்கள் பார்த்த கணக்கு. 8 நாழி ஒரு குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். ஆக ஒரு கலத்துக்கு 12 குறுணி, 96 நாழி. குறுணியைத்தான் மரக்கால் என்றும் சொல்வது. நாழியின் அளவே ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில் மாறும். அதனால்தான் கல்வெட்டில் எந்த நாழியால், எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுவார்கள்.

நம் பக்கத்தில் பின்னாளில் கலம் போய்க் கோட்டை வந்தது. ஒரு கோட்டைக்கு 21 மரக்கால். வயலையே ‘இத்தனை கோட்டை விதைப்பாடு’ என்று சொன்ன பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆறில் ஒரு பங்குதான் வரின்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே?

அது நூல்களில் சொன்ன நியாயம். கல்வெட்டில் வரும் பட்டியல் வேறு. 12, 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டுகளில் வரிப்பெயர்கள் ஒரு பாட்டு மாதிரி ஓடும்: கடமை, அந்தராயம், வினியோகம், அச்சு, காரியவாராய்ச்சி, வெட்டிப்பாட்டம், பஞ்சுபீலி, சந்துவிக்கிரகப்பேறு, வாசல்பேறு, இலாஞ்சினைப்பேறு, தறியிறை, செக்கிறை, தட்டொலிப்பாட்டம், இடையர் வரி, இனவரி, பொன்வரி. கடைசியில் ‘மற்றும் எப்பேர்ப்பட்டனவும்’ என்று ஒரு வாசகம், விட்டுப்போனதையும் சேர்த்துக்கொள்ள.

கடமைதான் நிலத்து வரி, பெரிய வரவு. தறியிறை நெசவாளர் தறிக்கு, செக்கிறை எண்ணெய்ச் செக்குக்கு. வெட்டி என்றால் கூலியில்லாமல் செய்யும் ஊர்வேலை, அதை ஒட்டி வந்தது வெட்டிப்பாட்டம். எல்லை ஊர்க்காரன் நின்று படிக்க வேண்டிய பெயர் சந்துவிக்கிரகப்பேறு. சந்து சமாதானம், விக்கிரகம் சண்டை. ராஜா சண்டை போட்டாலும், சமாதானம் பேசினாலும், அதன் செலவில் ஒரு பங்கு தறிக்காரன் வீட்டுக்கும் உழவன் களத்துக்கும் வந்தது.

இவ்வளவு பணம் எங்கே போனது என்றால், குதிரை ஒரு பெரிய வாய். பாண்டிய நாட்டில் நல்ல குதிரை பிறக்காது, வந்தாலும் தங்காது. வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாளர் எழுதியபடி, காயல் முதலான துறைகளில் வருஷத்துக்கு 10,000 குதிரை இறங்கியது, ஒன்றின் விலை 220 பொன் தினார். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தாலும், மார்க்கோ போலோ காயலுக்கு வந்தபோது கண்டதும் இதே குதிரை வியாபாரம்தான்.

வரி எப்போ வாங்குவாங்க? மாசா மாசமா?

இல்லை, பூவுக்குப் பூ, அதாவது போகத்துக்குப் போகம். நமக்குக் காரும் பிசானமும்தானே. பிற்காலப் பாண்டியர் கல்வெட்டில் வரி நீக்கிக் கொடுக்கும்போது ‘இத்தனையாவது பசான முதல்’ என்று வரும். பசானம் நம் பிசானம். எந்த அறுவடையிலிருந்து இந்த நிலத்துக்கு வரி கிடையாது என்று பயிரின் பெயரால் தேதி குறிக்கிறார்கள்.

அப்போ ‘இறையிலி’ன்னா வரியே கிடையாதுன்னு அர்த்தமா?

இந்தக் கேள்விக்குப் பாதிப்பேர் தப்பாகப் பதில் சொல்கிறார்கள். இறையிலி என்றால் ராஜாவுக்கு வரவேண்டிய இறை அவருக்குப் போகாது. கோயிலுக்குக் கொடுத்த நிலத்தைச் சொல்லும் பெரும்பாலான தேவதானக் கல்வெட்டுகளில் அதே வரி கோயிலுக்குப் போகும்படி எழுதியிருக்கும். மேலே சொன்ன வரிப்பட்டியல் அங்கே வருவதே அதற்காகத்தான்: இன்ன இன்ன வரியெல்லாம் இனிக் கோயிலுக்கு என்று விட்டுக்கொடுக்கிறார்கள். உழுகிறவனுக்குச் சுமை அதேதான், அளந்து போடும் வாசல்தான் மாறியது.

இன்னொரு வழியும் உண்டு. ஒருவர் கோயிலுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். அந்த நிலத்து வரிக்கு ஈடாக ஒரு தொகையைச் சபையிடம் முன்பணமாகக் கட்டிவிடுவார். சபை அதை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் ராஜாவுக்கு வரி கட்டும். இதற்கு இறைகாவல் என்று பெயர். இதிலும் ராஜாவுக்கு நஷ்டம் இல்லை. 290 காசில் பார்த்த அதே தந்திரம்தான், முதலை ஊரில் வைத்து வரவை எடுப்பது.

ராஜா சொன்னது ஊருக்கு எப்படி வந்து சேரும்?

பாண்டியர் கல்வெட்டுகளில் ராஜா எங்கே உட்கார்ந்து சொன்னார் என்பதுகூட இருக்கும். மதுரை மாடக்குளக்கீழ் அரண்மனையில், ‘மழவராயன்’ என்ற பீடத்தில் எழுந்தருளியிருந்து என்று. சிம்மாசனத்துக்கும் பெயர் உண்டு! அவர் வாயால் சொன்னதை ஓலை எழுதுகிறவர் எழுதுவார். வரி அதிகாரிகள் கணக்கில் ஏற்றிக் கையெழுத்திடுவார்கள். பிறகுதான் திருமுகம், அதாவது ராஜாவின் உத்தரவு ஓலை, ஊருக்கு வரும். கல்வெட்டின் கடைசியில் வரிசையாக வரும் பெயர்கள் அந்தக் கையெழுத்துகள். வழிகாட்டிகள் பலர் அதைப் படிக்காமல் தாண்டுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

நிலக்கொடையானால் எல்லை காட்ட வேண்டும். பெண் யானையை நடக்கவிட்டு, ‘கல்லும் கள்ளியும் நாட்டி’ எல்லை குறிப்பார்கள் என்று சோழர் செப்பேடு சொல்லும்.

வரி கட்டலன்னா என்ன செய்வாங்க?

நிலம் போகும். சோழ மன்னர் முதலாம் இராஜராஜன் தன் 24-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1009 வாக்கில், ஓர் உத்தரவு போட்டார். இரண்டு முழு ஆண்டு வரி கட்டாதவர் நிலத்தை ஊரார் விற்றுக்கொள்ளலாம், பழைய சொந்தக்காரருக்கு உரிமை கிடையாது. அந்தக் கல் வடக்கே உக்கலில் இருக்கிறது. ஆனால் சோழ மண்டலம், தொண்டை மண்டலத்தோடு பாண்டி நாட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார். ஆக நம் பக்கத்து ஊர்களுக்கும் அது சட்டம்தான். விற்கும் வேலையையும் அதிகாரி செய்யவில்லை, ஊரே செய்ய வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

சோழன் வந்தான், சேரன் வந்தான், மறுபடி பாண்டியன் வந்தான். ஊர்க்காரன் யாருக்குத்தான் வரி கட்டுவான்?

மன்னார்கோயிலில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் சந்தோஷமாகிவிடுவேன். அங்கே பெருமாள் கோயிலுக்குக் கல்வெட்டுப் பெயர் இராஜேந்திரசோழ விண்ணகர். கட்டியவர் சேர மன்னர் இராஜசிங்கர். இருக்கும் மண் பாண்டி நாடு. இராஜேந்திரன் மதுரையில் தன் மகனையே சோழபாண்டியன் என்று பட்டம் கட்டி வைத்தார். அந்தச் சடையவர்மன் சுந்தரசோழபாண்டியன் கல்வெட்டுகள்தான் அந்தச் சுவரில் இருக்கின்றன. மகன் சோழன், வைத்துக்கொண்ட பட்டம் பாண்டியருடையது. வரிக்கணக்கு பாண்டிய வழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த நாட்டில் அப்படித்தான் இருக்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

விலாசத்தைப் படித்தால் இன்னும் தெளிவாகும். ‘இராஜராஜப் பாண்டி நாட்டு முடிகொண்டசோழ வளநாட்டு முள்ளிநாடு’ என்று எழுதுகிறார்கள். மேலே இருக்கும் இரண்டு பெயரும் சோழர் ஒட்டியவை. உள்ளே இருக்கும் முள்ளிநாடு பழையது, அதை யாரும் தொடவில்லை. நெல் அளக்கும் சபையும் அதே சபை. ஜெயித்தவனுக்கு அந்தக் கணக்கு வேண்டும், அதைக் கலைத்தால் அவனுக்குத்தான் நஷ்டம்.

எல்லாம் சமாதானமாக நடந்தது என்று சொல்லவில்லை. சோழ மன்னர் முதலாம் குலோத்துங்கன், இன்று நாகர்கோவிலில் இருக்கும் கோட்டாற்றை எரித்ததைத் தன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியிலேயே பெருமையாகச் சொல்கிறார். பிறகு அங்கே நிலைப்படை வைத்தார். ஊர் எரிந்த வருஷம் அங்கே களத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘நாலாவதின் எதிர் பன்னிரண்டாவது’ன்னு எழுதியிருக்கு. இது என்ன வருஷம்?

கூட்டிக்கொள்ளுங்கள், பதினாறு. 290 காசு கல்வெட்டின் ஆண்டு இதுதான். பாண்டியர் கல்வெட்டில் இப்படி இரண்டு எண் அடிக்கடி வரும்.

எல்லை ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு: கொல்லம் ஆண்டு. மலையாளத்துக்காரர் வழக்கம் என்றாலும் நம் பக்கத்துக் கல்வெட்டுகளிலும் நிறைய வரும். கொல்லம் எண்ணோடு 825 கூட்டினால் ஆங்கில வருஷம். மாதம் ஆவணியிலிருந்து மார்கழி நடுவரை இருந்தால் 824 கூட்டுங்கள்.

1532-ல தாமிரபரணிக் கரையில பெரிய சண்டையாமே. அதுவும் வரிச் சண்டையா?

அடியில் அதுதான். அப்போது பாண்டியர் தென்காசிக்கு ஒதுங்கிவிட்டார்கள். வேணாட்டு அரசர், கல்வெட்டில் ‘திருவடி’ என்று வருபவர், களக்காடு, சேரன்மகாதேவி பக்கமெல்லாம் கையில் வைத்திருந்தார். விஜயநகரத்துக்குத் திறை போகவில்லை, பாண்டியர் நிலமும் போயிற்று. அச்சுததேவராயர் திருவரங்கத்தில் தங்கிக்கொண்டு, மைத்துனர் சலகராஜு திருமலையைப் படையோடு அனுப்பினார். திருவடி பணிந்தார். தாமிரபரணிக் கரையில் வெற்றித்தூண் நட்டார்கள், பாண்டியர் தன் மகளை அச்சுதருக்குக் கொடுத்தார். எதற்காக இந்த ஊர்கள்மேல் இத்தனை பேர் கண் என்பதை முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

தென்காசிப் பாண்டியர் கையில அவ்வளவு சின்ன ராஜ்யம். பெரிய கோயில் கட்டக் காசு ஏது?

அரிகேசரி பராக்கிரம பாண்டியர் 1446-ல் காசி விசுவநாதர் கோயில் வேலையைத் தொடங்கினார். சின்ன ராஜ்யம் என்றாலும் நல்ல நஞ்சை கையில் இருந்தது, மலைநாட்டுச் சரக்கு இறங்கும் வழியும் பக்கத்தில். ஆனாலும் அவர் தன் பணத்தை மட்டும் நம்பவில்லை. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஒரு குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரைப் பணிகிறேன் என்று பாட்டாக வெட்டிவைத்தார். முடி சூடிய ராஜா முகம் தெரியாத ஒருவரைக் கும்பிடுகிறார். எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

எங்க ஊர்க் கோயில்லயும் எழுத்து இருக்கு. எண்ணெய் தடவி, சாக்பீஸால எழுதிப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். எண்ணெயில் தூசி ஒட்டி எழுத்து அடைந்துபோகும். காலையில் அல்லது சாயங்காலம் பக்கவாட்டில் வெயில் விழும்போது போங்கள். இல்லாவிட்டால் டார்ச்சை சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள், எழுத்து எழுந்து நிற்கும். போட்டோ எடுங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகளை 1887 முதல் படியெடுத்து ஆண்டறிக்கை போட்டுவருகிறார்கள். உங்கள் ஊர்ப் பெயரை அதில் தேடிப் பார்த்தால் பலசமயம் பதிவாகியிருக்கும்.

திருப்பணி நடக்கிறது என்று கேள்விப்பட்டால் ஒரு நடை போய்வாருங்கள். ஒரு கோயிலில் முந்தின வருஷம் நான் படித்த நெல்லளவுக் கல்வெட்டை, மறுவருஷம் போனபோது சிமெண்டு பூசி மூடியிருந்தார்கள். இன்னோர் இடத்தில் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்ததில் எழுத்து வழித்துக்கொண்டு போய்விட்டது. வேலை செய்தவர்களுக்கு அது எழுத்து என்றே யாரும் சொல்லவில்லை. நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.